கூலியா, கருணையா?

வட இந்திய நகரம் ஒன்றில் சத்சங்கம் முடிந்தபின் அன்பர் ஒருவர் தனியே வந்து பேசினார். சிறிய அச்சகம் ஒன்றை நடத்துபவர். தான தருமங்களில் ஈடுபாடு மிக்கவர். "சுவாமிஜி, செவித்திறனற்ற இளைஞன் ஒருவனுக்குப் புத்தகம் தைக்கும் பிரிவில் வேலை கொடுத்திருக்கிறேன். மற்றவர்களுக்குத் தருவதில் பாதியை அவனுக்குத் தருகிறேன். வேறெங்கும் அவனுக்கு இதுகூடக் கிடைக்காது. இதுவும் சேவைதானே?" என்று கேட்டார்.

"அவர் வேலை எப்படி?" என்றேன்.

"குறையே சொல்ல முடியாது. மற்றவர்களைவிட அவன்தான் அதிகம் தைக்கிறான்" என்றார் பெருமையுடன்.

தம் கேள்விக்கான விடை தம் சொற்களிலேயே இருப்பதை அவர் கவனிக்கவில்லை. ஆயினும் அவரை மட்டும் குறைகூறுவது முறையன்று. இந்த எண்ணம் நம் நாட்டுச் சட்டத்திலேயே நெடுங்காலம் இடம்பெற்றிருந்தது. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் 26ஆம் பிரிவு, ஊனமுற்ற தொழிலாளர்களின் கூலிக்கு அச்சட்டம் பொருந்தாது என்று ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கியிருந்தது. கூலி குறைந்தாலும் வேலையாவது கிடைக்கட்டும் என்ற நினைப்பில் கருணை இல்லாமல் இல்லை. ஆனால் அந்தக் கருணைக்கான செலவை ஏற்பவர் யார்? கருணைக்கு இலக்கானவரே அல்லவா!

2008இல் மத்திய அரசு வேறொரு வழியைக் கையாண்டது. மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளிகளைத் தனியார் நிறுவனங்கள் பணியில் அமர்த்தினால், வருங்கால வைப்பு நிதிக்கும் ஊழியர் ஈட்டுறுதிக்கும் முதலாளி செலுத்த வேண்டிய பங்கை மூன்றாண்டுகள் அரசே செலுத்தும் என்று அறிவித்தது. இங்கே தொழிலாளியின் கூலியில் கை வைக்கப்படவில்லை. முதலாளியின் தயக்கத்தைப் போக்கும் செலவைச் சமுதாயம் ஏற்றுக்கொண்டது. இரண்டு வழிகளும் வேலை தருவதற்காகவே வகுக்கப்பட்டவை. எனினும் ஒன்று பலவீனரின் தோளில் சுமையை ஏற்றுகிறது. மற்றொன்று அதை எல்லோருக்கும் பகிர்ந்தளிக்கிறது. தர்மத்தின் நோக்கில் இவ்வேறுபாடு சிறியதன்று.

"உண்மையிலேயே வேலை குறைவாக நடந்தால்?" என்று கேட்கலாம். அக்குறை மனிதரிடம் உள்ளதா, பணியிடத்தில் உள்ளதா என்பதை முதலில் ஆராய வேண்டும். அலுவலகங்களில் பகலிலும் விளக்குகள் எரிகின்றன. அவை பார்வையுள்ளவர்களுக்காகச் செய்யப்படும் செலவு. பார்வையற்றவருக்கு அவை தேவையில்லை. ஆனால் அதை நாம் சலுகை என்று அழைப்பதில்லை. அவருக்காகப் பேசும் மென்பொருள் ஒன்றைக் கணினியில் பொருத்தினால் மட்டும் அது சலுகையாகிவிடுகிறது! பெரும்பான்மையோரின் தேவைக்கு 'இயல்பு' என்றும், சிறுபான்மையோரின் தேவைக்கு 'உதவி' என்றும் பெயரிட்டுப் பழகிவிட்டோம்.

1995ஆம் ஆண்டுச் சட்டம் அரசுப் பணிகளில் 3 சதவீதத்திற்குக் குறையாத இடங்களை ஒதுக்கியது. அந்த விகிதத்தை எவ்வாறு கணக்கிடுவது என்ற வழக்கோ 2013 வரை நீடித்தது. அவ்வாண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், இவர்கள் வேலையின்றி இருப்பதற்குக் காரணம் அவர்களது உடற்குறை அன்று, சமுதாயமும் நடைமுறையும் எழுப்பிய தடைகளே என்று சுட்டிக்காட்டியது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டம் ஒதுக்கீட்டை 4 சதவீதமாக உயர்த்தியது. பணியிடத்தில் தகுந்த வசதிகளைச் செய்து தருவதைக் கடமையாக்கியது. ஆனால் படிகளை இடித்துச் சாய்தளம் கட்டச் சட்டத்தால் ஆணையிட முடியும். மனத்தின் படிகளை நாமேதான் இடிக்க வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. உழைப்பே மனிதனுக்கு மதிப்பைத் தருகிறது என்று சொல்லிவிட்டால், எந்த வேலையும் செய்ய இயலாத நிலையில் இருப்பவரின் கதி என்ன? அவருக்கு மதிப்பில்லை என்றாகிவிடும். உண்மை அதற்கு மாறானது. மதிப்பு முன்பே உள்ளது. அது ஆன்மாவுக்கு உரியது, கைகால்களைப் பொறுத்ததன்று. வேலை செய்வதால் ஒருவர் மதிப்புப் பெறுவதில்லை. மதிப்புடையவர் என்பதாலேயே, இயன்ற வேலையைச் செய்யும் வாய்ப்பும், அதற்குரிய முழுக்கூலியும், இயலாதபோது பாதுகாப்பும் அவருக்கு உரியவையாகின்றன.

கீதையின் 17ஆம் அத்தியாயம் தானத்தை மூவகையாகப் பிரித்து, அவமதிப்புடன் கொடுக்கப்படுவதைத் தாமச தானம் என வகைப்படுத்துகிறது. தானத்திற்கே இத்தகைய அளவுகோல் என்றால், கூலியைப் பற்றி என்ன சொல்வது! கூலி தானமே அன்று. உழைப்பவர் தம் உழைப்பை முன்னரே நமக்குத் தந்துவிட்டார். நாம் தருவது அந்தக் கடனின் திருப்பீடு. கடனில் பாதியை மட்டும் திருப்பிக் கொடுத்துவிட்டு அதற்குப் புண்ணியத்தையும் எதிர்பார்ப்பது எந்தக் கணக்கில் சேரும்?

அந்த அன்பரிடம் இதைத்தான் சொன்னேன். நெடுநேரம் மௌனமாக இருந்தார். பின்பு, "அப்படியானால் இத்தனை நாளும் அவன்தான் எனக்குத் தானம் செய்துகொண்டிருந்தான், சுவாமிஜி" என்றார்.

இதை உணரும் இடத்திலிருந்துதான் சேவை தொடங்குகிறது. நம் வீட்டிலும் கடையிலும் தொழிற்சாலையிலும், 'நான் கொடுக்கிறேன்' என்ற எண்ணம் தலைதூக்கும்போதெல்லாம், நாம் கொடுப்பது தானமா, திருப்பித் தர மறந்த கடனா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம்.