யாருடைய காணி?

அழகப்பச் செட்டியார் பிறந்த கோட்டையூரில் என் நண்பர் ஒருவருக்குப் பூர்விக வீடு இருக்கிறது. முகப்பில் நின்றால் பின்கட்டு வாசல் வரை ஒரே பார்வையில் தெரியும். தூண்களெல்லாம் பர்மாத் தேக்கு. வருஷத்தில் முக்கால்வாசி நாள் பூட்டிக் கிடக்கும் அந்த வீடு, படைப்புக்காகப் பங்காளிகள் கூடும்போது மட்டும் உயிர் பெற்றுவிடும். அப்படி ஒரு சமயம் நானும் போயிருந்தேன்.

நண்பர் என்னைவிட இருபத்தைந்து வயது மூத்தவர். சாப்பாடு முடிந்த பிறகு இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்து, மஞ்சள் பாரித்த காகிதங்களை எடுத்து என் முன்னே பரப்பினார். அத்தனையும் பர்மா நிலத்துப் பத்திரங்கள். அவருடைய ஐயா பெகு பக்கத்தில் கடை வைத்திருந்தவராம்.

"அறுநூறு ஏக்கர், தம்பி. எங்க அப்பத்தா சாகிற வரைக்கும் தைக்கு ஒரு தரம் இதை வெயில்ல காயவச்சு எடுத்து வைப்பாக. முறையா வந்த சொத்து. ஒரு சட்டம் போட்டுப் பிடுங்கிக்கிட்டான். இது அநியாயமா இல்லையா, சொல்லுங்க."

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. 'அநியாயம்தான்' என்று சொல்லியிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். ஆனால் ஏதோ ஒன்று நாக்கைப் பிடித்து இழுத்தது.

அந்த நிலத்தின் கதையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்க வேண்டும். 1852இல் கீழ்ப்பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏறியது. ஐராவதியின் கழிமுகத்தில் இருந்த சதுப்பையும் காட்டையும் பர்மியக் குடியானவன் வெட்டித் திருத்தி வயலாக்கினான். காளைக்கும் விதைக்கும் கூலிக்கும் அவனுக்குப் பணம் வேண்டும். வெள்ளைக்காரன் பாங்கு அவனை வாசற்படி ஏற விடாது. அந்தப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் நம் செட்டிநாட்டார். உள்ளூர் லேவாதேவிக்காரர்களைவிடக் குறைந்த வட்டிக்குத்தான் கொடுத்தார்கள். நிலம் ஈடு.

நிலத்தின்மேல் அவர்களுக்கு ஆசை இருந்ததென்று சொல்வது பொய். பணம் பணமாகத் திரும்பி வந்தால்தான் ஐந்தொகை நேராகும். நிலமாக வந்தால் அது முடங்கிய முதல். ஆனால் 1930இல் உலக மந்தம் வந்தது. நெல் விலை அதல பாதாளத்தில் விழுந்தது. கடன்காரனால் வட்டிகூடக் கட்ட முடியவில்லை. ஈடு ஈடாக நிற்கவில்லை, கைமாறியது. கீழ்ப்பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் சுமார் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938இல் நூற்றுக்கு 25 ஆகிவிட்டது. ஏறக்குறைய 25 லட்சம் ஏக்கர்! காட்டை வெட்டியவன் அதே வயலில் குத்தகைக்காரனாக நின்றான்.

பிறகு நடந்தது நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1941 டிசம்பரில் ரங்கூன்மேல் ஜப்பான் குண்டு போட்டது. லட்சக்கணக்கான இந்தியர்கள் காட்டு வழியே நடந்து வந்தார்கள். வழியிலேயே மாண்டவர்கள் ஆயிரமாயிரம் பேர். 1948இல் சுதந்தர பர்மா நிலத்தை தேசியமாக்கச் சட்டம் செய்தது. உரிய ஈடு வரவில்லை. இழந்தவர்களின் வயிற்றெரிச்சல் பொய்யல்ல.

இது நமக்கு மட்டும் நேர்ந்த விதியும் அல்ல. கடல் கடந்த கலிபோர்னியாவில் லூயிஸ் பெரால்ட்டா என்ற ஸ்பானியச் சிப்பாய்க்கு, நாற்பது வருஷ ஊழியத்துக்காக ஸ்பெயின் அரசு 1820இல் 44,000 ஏக்கருக்கு மேல் மானியம் கொடுத்தது. இன்றைய ஓக்லாந்து நகரம் நிற்பது அந்த மண்ணில்தான். அமெரிக்கர் 1848இல் அந்த நாட்டைப் பெற்ற பின், 1851இல் ஒரு சட்டம் செய்து, 'உன் உரிமையை நிரூபி' என்றார்கள். வழக்குச் செலவிலும் கடனிலும் அத்துமீறிக் குடியேறியவர்களாலும் பெரால்ட்டாவின் பிள்ளைகள் அதில் பெரும்பகுதியை இழந்தார்கள். அவர்கள் அழுதது நியாயம். ஆனால் ஸ்பெயின் மன்னர் பெயரால் தானம் கொடுக்கப்பட்ட அன்று, அந்த மண்ணில் ஒலோனிப் பழங்குடிகள் வாழ்ந்து கொண்டிருந்தார்களே! அவர்களிடம் காட்டப் பத்திரம் இல்லை. எனவே கணக்கிலும் அவர்கள் இல்லை.

நான் யோசித்தது இதைத்தான். நம்மிடமிருந்து போனதை நாம் அங்குல சுத்தமாக நினைவு வைத்துக்கொள்கிறோம். நமக்கு வந்தது எப்படி வந்தது என்பதை 'முறையாக' என்ற ஒரே சொல்லில் முடித்து விடுகிறோம். ஆனால் பிடுங்கியவனும் ஒரு முறைப்படிதானே பிடுங்கினான்? அவனும் சட்டம் போட்டுத்தான் எடுத்தான். சட்டம் நம் பக்கம் இருந்தபோது அதை நியாயம் என்று சொல்லிவிட்டு, பக்கம் மாறியதும் அநியாயம் என்றால், நாம் கேட்பது நியாயத்தை அல்ல, நம் முறையை.

அதற்காக ஐயாவைக் குற்றவாளி ஆக்க எனக்கு மனம் இல்லை. பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறி, மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் பிள்ளை முகம் பார்த்த மனிதர் அவர். அவர் பட்ட பாடும் பாடுதான். ஒருவன் பாட்டைச் சொல்ல இன்னொருவன் பாட்டை மறைக்க வேண்டியதில்லை என்பதே என் வாதம்.

இவ்வளவையும் நண்பரிடம் நான் சொல்லவில்லை. பெட்டியின் அடியில் கிடந்த பழைய ஏட்டைப் புரட்டினேன். உச்சியில் பிள்ளையார் சுழி. கீழே தமிழ் எழுத்தில் பற்று வரவு. ஒவ்வொரு பற்றுக்கும் தலைப்பில் ஒரு பெயர்.

"அண்ணே, இந்தப் பக்கம் யார் பேரில் இருக்கிறது, பார்த்திருக்கிறீர்களா?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "ஏக்கரைத்தான் எல்லாரும் பார்ப்போம். பேரை யாரு பார்த்தா?" என்றார்.

நான் வாசித்தேன். 'மவுங்' என்று தொடங்கும் பர்மியப் பெயர். பக்கத்தில் அவன் பெண்டாட்டி பெயரும், ஊர்ப் பெயரும்.

நண்பர் வெகுநேரம் பேசவில்லை. வளவில் குழந்தைகள் ஓடும் சத்தம் கேட்டது. கடைசியில், பத்திரங்களை அடுக்கிக் கட்டப் போனவர், கயிற்றைக் கையில் பிடித்தபடியே சொன்னார்:

"அந்தப் பேரை இன்னொரு தரம் வாசிங்க, தம்பி."