முந்தி வந்தவரின் இடம்

அமெரிக்காவின் கிழக்கு மலைகளில், ஜார்ஜியா மாநிலத்து ஸ்பிரிங்கர் மலையிலிருந்து மெய்ன் மாநிலத்துக் கட்டாடின் மலை வரை 14 மாநிலங்களைக் கடந்து செல்கிறது அப்பலாச்சியன் நெடும்பாதை. ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த நடைபாதையில் 250க்கும் மேற்பட்ட தங்குகுடில்கள் இருக்கின்றன. நடப்பவர்கள் அவற்றை ஷெல்டர் என்கிறார்கள்; வடகோடியில் லீன்-டூ என்பதே வழக்கு. மூன்று பக்கம் மரத்தாலோ கல்லாலோ சுவர், நான்காம் பக்கம் வெறும் திறப்பு, சரிந்த கூரை, மண்ணிலிருந்து சற்றே உயர்த்திய பலகைத் தளம். பெரும்பாலான குடில்களின் அமைப்பு இவ்வளவுதான். கதவு கிடையாது, பூட்டு கிடையாது, மிகப் பல இடங்களில் கட்டணமும் கிடையாது. ஆறு முதல் பன்னிரண்டு பேர் தோளோடு தோள் ஒட்டிப் படுக்கலாம்.

இந்தக் குடில்களில் இரண்டு விதிகள் புழங்குகின்றன. முந்தி வந்தவருக்கு இடம் என்பது ஒன்று. மழை கொட்டும் இரவில் இன்னும் ஒருவருக்கு எப்போதும் இடம் உண்டு என்பது மற்றது. முதல் விதி உண்மையானால், தளம் நிறைந்தபின் வருபவர் வெளியேதான் கிடக்க வேண்டும். இரண்டாவது உண்மையானால், முந்தி வந்ததற்குப் பொருளே இல்லை. ஆனாலும் நடப்பவர்கள் இரண்டையும் ஒருசேர ஏற்று நடக்கிறார்கள். பொதுவான ஒன்றை முதலில் அடைந்தவருக்கு அதன்மேல் என்ன உரிமை, அந்த உரிமையின் எல்லை எது என்பது தத்துவத்திலும் சமயச் சிந்தனையிலும் ஈராயிரம் ஆண்டுகளாக நடந்துவரும் வழக்கு. அதை இவ்வளவு சிறிய இடத்தில், இவ்வளவு தெளிவாகப் பார்க்கக் கிடைப்பது அரிது.

பென்டன் மக்காய் என்ற வனவியலாளர் 1921 அக்டோபரில், கட்டடக் கலைஞர்களின் இதழ் ஒன்றில் இந்தப் பாதைக்கான திட்டத்தை முன்வைத்தார். தொழில் நகரங்களில் உழைத்துச் சோர்ந்தவர்கள் மூச்சுவிட ஒரு மலைவெளி வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு நாள் நடையில் எட்டும் தொலைவுகளில் தங்குகுடில்கள் அமைய வேண்டும் என்பதும் அந்தத் திட்டத்திலேயே இருந்தது. பாதை 1937இல் முழுமை பெற்றது. 1968இல் நாடாளுமன்றச் சட்டம் அதைத் தேசிய நெடும்பாதையாக ஏற்றது. குடில்களைக் கட்டுவதும், கூரை மாற்றுவதும், கழிப்பிடக் குழியைப் பராமரிப்பதும் பெரும்பாலும் உள்ளூர் நடைக்கழகங்களின் தொண்டர்கள். நிலம் பெரும்பாலும் அரசுடையது, உழைப்பு தொண்டர்களுடையது, இரவில் உறங்குபவர் வேறு யாரோ. நிலத்தின் உடைமையாளர், கட்டியவர், பயன்படுத்துபவர் என்று மூவராகப் பிரிந்து நிற்பதால், சொத்து பற்றிய வழக்கமான கோட்பாடுகள் எதுவும் இங்கே அப்படியே பொருந்துவதில்லை.

பொதுவெளியில் தனி இடம் என்ற சிக்கலுக்குப் பழைய விடை ஸ்டோயிக் தத்துவத்தில் இருக்கிறது. கி.மு. 45இல் சிசரோ எழுதிய ஓர் உரையாடல் நூலில், கேட்டோ என்ற பாத்திரத்தின் வாயிலாக அது சொல்லப்படுகிறது. நாடக அரங்கம் எல்லோருக்கும் பொது. என்றாலும் ஒருவர் போய் அமர்ந்த இருக்கையை அவருடைய இடம் என்று சொல்வதில் தவறில்லை. உலகமும் அத்தகையதே, அது பொதுவாக இருப்பதும், அதில் ஒவ்வொருவருக்கும் தனி இடம் இருப்பதும் முரணல்ல. குடிலின் பலகைத் தளத்துக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடையாது. மாலையில் வந்தவர் தம் உறக்கப்பையை விரிக்கிறார். விரித்த அகலம் அந்த இரவுக்கு அவருடையது. தண்ணீர் எடுக்கச் சுனைக்குப் போனாலும் அவர் இடத்தை யாரும் எடுப்பதில்லை. காலையில் பையைச் சுருட்டியதும் உரிமையும் சுருண்டுவிடுகிறது. 1689இல் ஜான் லாக் இதற்கு ஒரு நிபந்தனையைச் சேர்த்தார்: பொதுவில் இருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் பிறருக்குப் போதிய அளவும் அதே தரத்திலும் மிஞ்சியிருக்க வேண்டும். எட்டுப் பேர் படுக்கும் தளத்தில் மூன்றாவதாக வருபவருக்கு லாக்கின் நிபந்தனை எளிதில் நிறைவேறிவிடும். ஒன்பதாவது ஆள் வரும்போதுதான் சிக்கல்.

அந்த ஒன்பதாவது ஆளின் பக்கம் நின்று அதே அரங்க உவமையைத் திருப்பிப் போட்டவர் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த பசீல். இன்றைய துருக்கியின் கைசேரி நகரம் அன்று செசரியா. அதன் ஆயர் அவர். லூக்கா நற்செய்தியில் வரும் செல்வன், விளைச்சல் மிகுந்துபோனதால் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைக்கிறான். அந்தக் கதையை விளக்கிய மறையுரையில் பசீல் செல்வர்களைக் கடுமையாகச் சாடினார். அரங்கத்துக்கு முதலில் போய் உட்கார்ந்தவர், பின்னால் வருபவர்களைத் தடுத்து, எல்லோருக்குமாக அமைந்ததைத் தமக்கே உரியது என்று எண்ணினால் எப்படியோ, பொதுவானதை முந்திக்கொண்டு கைப்பற்றியவர்களும் அப்படித்தான் என்பது அவர் வாதம். ஸ்டோயிக்குகள் இருக்கையில் அமர்ந்திருப்பவரைப் பார்த்தார்கள். பசீல் வாசலில் நிற்பவரைப் பார்த்தார். இது வெறும் மேடைப்பேச்சு அல்ல. அந்நகர் இருந்த கப்படோக்கியாப் பகுதியைப் பஞ்சம் தாக்கிய காலத்தில் வாழ்ந்த அவர், நகருக்கு வெளியே நோயாளிகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் தங்குமிடம் அமைத்தவர். இடமில்லாதவரின் நிலையை அவர் அறிந்திருந்தார்.

இரண்டு உவமைகளுக்கும் நடுவே 13ஆம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் தந்த விடைதான் குடில் வழக்கத்தை மிக நெருக்கமாகத் தொடுகிறது. தனிச்சொத்து முறையானதா என்று ஆராயும் இடத்தில், அவர் பசீலின் உவமையைத் தமக்கு எதிரான வாதமாகத் தாமே எடுத்து வைக்கிறார். பிறகு சொல்கிறார்: முதலில் போனவர் பின்னால் வருபவர்களுக்கு வழியைச் சீர்செய்து வைத்தால் அதில் குற்றமில்லை; அவர்களைத் தடுத்தால்தான் குற்றம். சொத்து பற்றிய விவாதங்களில் இந்த வரி அதிகம் கவனம் பெறுவதில்லை. பெற வேண்டிய வரி அது. முந்தி வருவதை உரிமையாக மட்டுமே பார்த்த பார்வையை மாற்றி, முந்தி வந்தவருக்கு ஒரு வேலை இருக்கிறது என்கிறார் அக்வினாஸ். நல்ல குடிலில் அந்த வேலையைக் கண்ணால் பார்க்கலாம். முதலில் வந்தவர் தளத்தைக் கூட்டுகிறார். ஓரமாகப் படுக்கையை விரித்து நடுவை விடுகிறார். சுனை எந்தப் பக்கம் என்று பின்னால் வருபவர்களுக்குச் சொல்கிறார். எலிகள் தோள்பையைத் துளைக்கும் என்று எச்சரித்து உணவுப்பையைக் கட்டித் தொங்கவிடும் கயிற்றைக் காட்டுகிறார். இருட்டிய பின்னும் ஆள் வரக்கூடும் என்று எண்ணித் தம் பொருள்களை ஒடுக்கி வைக்கிறார்.

மழை விதிக்கு வருவோம். சொத்து பற்றிய அதே ஆய்வில் அக்வினாஸ் இன்னொரு கேள்வியை எடுத்துக்கொள்கிறார்: உயிர்போகும் தேவையில் பிறர் பொருளை எடுத்தால் அது திருட்டா? இல்லை என்பது அவர் விடை. அத்தகைய கணத்தில் எல்லாம் பொதுவாகிவிடுகிறது. கேட்பதற்கு மிகையாகத் தோன்றும். ஆனால் மலையில் குளிர் பற்றிய அறிவு இருந்தால் அப்படித் தோன்றாது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் தெற்கு அப்பலாச்சியன் மலைகளில் பனி விழுவதுண்டு. ஆனால் உறைபனியைவிடக் கொடியது, உறைநிலைக்குச் சற்று மேலே நிற்கும் குளிரில் பெய்யும் மழை. உடை நனைந்து, காற்றும் வீசினால் உடல்வெப்பம் வேகமாகக் குறைகிறது. நடுக்கம், தடுமாற்றம், தெளிவற்ற பேச்சு, பிறகு மரணம். நனைந்து நடுங்கி நிற்பவருக்குக் கூரையின் கீழ் இரண்டு அடி அகலம் வசதி அல்ல, உயிர்.

தத்துவவாதி கான்ட் இதே எல்லையை வேறு வழியில் வந்தடைந்தார். 1795இல் நிலையான அமைதி பற்றி எழுதிய நூலில், அந்நியருக்குள்ள உரிமை விருந்தாளியின் உரிமை அல்ல, வந்துபோகும் உரிமை மட்டுமே என்று அளந்து பேசினார். பூமி உருண்டையானது, அதன் பரப்பு எல்லைக்குட்பட்டது. மனிதர்கள் முடிவில்லாமல் விலகிக்கொண்டே போக முடியாது. ஒருவரையொருவர் சகித்துத்தான் ஆக வேண்டும். தொடக்கத்தில் எந்த இடத்தின்மேலும் யாருக்கும் பிறரைவிட அதிக உரிமை இல்லை. வந்தவரைத் திருப்பி அனுப்பலாம், ஆனால் அதனால் அவருக்கு அழிவு நேராது என்றால் மட்டுமே. இதைக் குடிலுக்குப் பொருத்தினால் இரண்டு விதிகளும் முரண்படவில்லை என்பது தெரிகிறது. வானம் தெளிந்த கோடை இரவில் ஒன்பதாவது ஆளை வெளியே கூடாரம் போடச் சொல்வதில் தவறில்லை. அவருக்கு ஒன்றும் ஆகாது. குளிர்மழையில் அதே சொல் வேறு செயலாகிவிடுகிறது. முந்தி வந்தவரின் உரிமை எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. வெளியே இருப்பவரின் ஆபத்து கூடக்கூட அது சுருங்குகிறது.

நடைமுறையில் இது இவ்வளவு தெளிவாக அமைவதில்லை. முதல் சிக்கல் கூடாரம். கையில் நல்ல கூடாரம் வைத்திருப்பவரும், ஏதும் இல்லாதவரும் ஒரே நேரத்தில் வந்தால்? 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். ஒரு துணிப்பையும், மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றும் கொண்டு போனாரே தவிர, கூடாரம் இல்லை. அப்படிப்பட்டவரின் தேவைக்கும், கூடாரத்தைப் பிரிக்கச் சோம்பும் ஒருவரின் தேவைக்கும் ஒரே எடை கிடையாது. இரண்டாவது சிக்கல் கூட்டம். பத்துப் பேராகச் சேர்ந்து வருபவர்கள் பிற்பகலிலேயே தளத்தை நிரப்பிவிட்டால், தனியாக நடப்பவர்களுக்கு அந்த இரவு குடிலே இல்லை. அதனால்தான் குழுக்கள் குடிலைத் தனியருக்கு விட்டுக் கூடாரத்தில் தங்க வேண்டும் என்ற நெறி வலியுறுத்தப்படுகிறது. பசீல் சாடிய செல்வன் தனியாள். ஒரு குழு, கெட்ட எண்ணம் ஏதுமில்லாமலேயே, அவன் செய்ததைச் செய்துவிடக்கூடும்.

மூன்றாவது சிக்கல் முன்பதிவு. கிரேட் ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்குள் அனுமதிச் சீட்டு இல்லாமல் இரவு தங்க முடியாது. முழுப்பாதை நடப்பவர்களுக்கு அங்கே தனி அனுமதி உண்டு. ஆனால் முன்பதிவு செய்தவர் வந்து சேர்ந்தால் இடத்தை அவருக்கு விட்டுவிட்டு அருகில் கூடாரம் போட வேண்டும். இங்கே நடந்து முந்தி வருவதன் இடத்தில், எழுதி முந்திக்கொள்வது வந்துவிடுகிறது. ஆண்டுதோறும் பெருங்கூட்டம் வரும் காட்டைக் காக்க இது தேவை என்பதை மறுக்க முடியாது. ஆனாலும் ஏதோ ஒன்று இழக்கப்படுகிறது. திறந்த குடிலில் இடம் யாருக்கு என்பதை அங்கே நிற்கும் மனிதர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முடிவு செய்கிறார்கள். சீட்டு வந்தபின் அந்த முடிவு வேறெங்கோ, வேறொரு நாளில் எடுக்கப்பட்டுவிடுகிறது. நனைந்து வருபவரின் நடுக்கம் சீட்டில் இல்லை.

இதற்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: வருபவர் யார்? தத்துவவாதி தெரிதா 1990களில் விருந்தோம்பல் பற்றிப் பேசியபோது, பெயரும் ஊரும் கேட்டு ஏற்பதையும், எதுவும் கேட்காமல் ஏற்பதையும் பிரித்துக் காட்டினார். இரண்டாவதே முழுமையான விருந்தோம்பல். ஆனால் ஒருவர் தம் வீட்டுக்கு அதிபதியாக இருந்தால்தான் விருந்தோம்ப முடியும், அதிபதியாக இருப்பதே நிபந்தனை விதிக்கவும் வைக்கிறது. குடிலில் அதிபதி இல்லாததால் அந்த முடிச்சு விழுவதில்லை. நடப்பவர்கள் பலரும் பாதைக்கென்று சூட்டிக்கொண்ட பெயரோடு வருகிறார்கள். உண்மைப் பெயரை யாரும் கேட்பதில்லை. குடிலில் கிடக்கும் குறிப்பேட்டிலும் அந்தப் பெயரையே எழுதுகிறார்கள். முன்னால் போனவர் எந்தச் சுனை வற்றியது, எங்கே கரடி தென்பட்டது என்று அதில் எழுதிவைத்தது, பின்னால் வருபவருக்குப் பயன்படுகிறது.

திறந்திருப்பதற்கு விலையும் உண்டு. 1990இல் பென்சில்வேனியாவில், டன்கனன் ஊருக்கு அருகிலிருந்த குடிலில் உறங்கிய இருவர் கொல்லப்பட்டனர். இதைச் சொல்லாமல் திறந்த குடிலைப் புகழ்வது நேர்மையாகாது. இத்தகைய கொலைகள் மிக அரிது; ஆனால் பெயர் கேட்காமல் ஏற்பவர், யாரென்று தெரியாத ஒருவரிடம் தம் உறக்கத்தை ஒப்படைக்கிறார் என்பது உண்மை. அதன்பின் பழைய குடில் அகற்றப்பட்டு, புதியது எழுந்தது. அதிலும் கதவு வைக்கப்படவில்லை.

அடைத்துப் பார்த்த இடமும் உண்டு. ஸ்மோக்கி மலைக் குடில்களில் ஒரு காலத்தில் திறந்த பக்கத்தைக் கம்பிவலையால் மூடியிருந்தார்கள், கரடிகளுக்கு அஞ்சி. வலைக்குள் பத்திரமாக இருப்பதாக உணர்ந்தவர்கள், வலையின் வழியே கரடிகளுக்குத் தின்பண்டம் நீட்டத் தொடங்கினார்கள். கரடிகள் குடில்களைத் தேடி வரப் பழகின. காலப்போக்கில் வலைகள் அகற்றப்பட்டன. உணவை எட்டாத உயரத்தில் தொங்கவிட எஃகுக் கம்பிகள் அமைந்தன. எல்லோரும் கவனமாக இருக்க வேண்டிய நிலை திரும்பிவந்தது, ஆபத்தும் குறைந்தது.

இனி உடைமைக் கேள்விக்குத் திரும்புவோம். தமக்குச் சொந்தமில்லாத வீடு முறையான வீடாகுமா என்ற கேள்வியை யூத அறிஞர்கள் ஒரு குடிலை முன்வைத்தே விவாதித்திருக்கிறார்கள். எகிப்திலிருந்து வெளியேறிய மக்கள் பாலைவனத்தில் குடில்களில் தங்கியதன் நினைவாக, இலையுதிர்காலத்தில் ஏழு நாள்கள் தற்காலிகக் குடிலில் வாழ்வது அவர்கள் வழிபாடு. அந்தக் குடில் சொந்தமானதாக இருந்தால்தான் கடமை நிறைவேறும் என்றார் ரபி எலியேசர். மற்ற அறிஞர்கள் ஏற்கவில்லை. இஸ்ரயேல் மக்கள் அனைவரும் ஒரே குடிலில் இருக்கத் தகும் என்று வேதவாக்கியத்தைப் படித்து, இரவல் குடிலும் செல்லும் என்று தீர்ப்பளித்தார்கள். யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத் இரண்டு கருத்துகளையும் பதிந்து வைத்திருக்கிறது.

நெடும்பாதைக் குடிலும் இரவல்தான், காலவரையோடு கூடிய இரவல். பல இடங்களில் ஒரே குடிலில் இரண்டு இரவுகளுக்கு மேல் தங்கக் கூடாது. உழைப்பைக் கலந்த பொருள் உழைத்தவருக்குச் சொந்தம் என்றார் லாக். இங்கே அது செல்லுபடியாவதில்லை. மரத்தை அறுத்து, மலைமேல் சுமந்து, கூரை வேய்ந்த கழகத் தொண்டர் என்றாவது ஒரு மாலை நடந்து வந்தால், அவருக்கும் அதே விதிகள்தான். தளத்தில் இடம் இருந்தால் படுக்கலாம். நிறைந்திருந்து வானமும் தெளிந்திருந்தால், மரங்களுக்கிடையே தம் கூடாரத்துக்குச் சமதளம் தேட வேண்டும்.