இன்னுமொரு தட்டு

வீட்டு அலமாரியில் இன்னுமொரு தட்டு மாட்டலாமா வேண்டாமா என்று கேட்டால், அதைத் தச்சனிடம் கேட்கலாமே, இதற்குமா தர்மவிசாரம் என்று அன்பர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். ஆயினும் இடமில்லை, இடமில்லை என்ற பேச்சு கேளாத வீடு இன்று எத்தனை? மாதத்திற்கொரு முறையாவது அந்தப் பேச்சு சண்டையாக முடியாத வீடுதான் எத்தனை?

இப்பொழுது பல குடும்பங்களில் தச்சன் செய்த அலமாரி இல்லை. பகுதி பகுதியாக வாங்கி, வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் அலமாரிதான். அதன் பக்கப் பலகைகளில் மேலிருந்து கீழ்வரை துளைகள் வரிசையாயிருக்கும். ஐரோப்பிய முறைப்படி செய்தவற்றில் துளைக்குத் துளை 32 மில்லிமீட்டர் இடைவெளி. நான்கு துளைகளில் நான்கு சிறு முளைகளைச் செருகி, அவற்றின்மேல் பலகையை வைத்தால் தட்டு ஆயிற்று. ஆணி வேண்டாம், பசை வேண்டாம்.

இந்த யுக்தி பிறந்த காலத்தை நினைத்துப் பார்ப்பது நல்லது. இரண்டாம் உலக யுத்தம் முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1947-ல், டெமெட்ரியஸ் கொமினோ என்பவர் லண்டனில் துளையிட்ட இரும்புச் சட்டங்களை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம்மூர்க் கிடங்குகளில் காணும் துளையிட்ட இரும்பு ரேக்குகள் அந்த வம்சத்தைச் சேர்ந்தவையே. 1949-ல் சுவீடன் தேசத்தில் பொன்னியர் என்னும் புத்தகப் பிரசுரத்தார் ஒரு போட்டி வைத்தனர். சாமானிய ஜனங்களும் வாங்கும் விலையில், எளிதில் அனுப்பவும் பூட்டவும் தக்க புத்தகத் தட்டு வேண்டுமென்பது அதன் நோக்கம். ஏணி போன்ற கம்பிச் சட்டங்களில் பலகைகளை மாட்டும் ஸ்ட்ரின்னிங் என்பவரின் அமைப்பு வென்றது. பின்னர் 1979-ல் அதே தேசத்து ஐக்கியா நிறுவனத்தின் 'பில்லி' அலமாரி வந்து உலகெங்கும் பரவியது. இவற்றிலெல்லாம் பொதுவாக ஒரு நல்ல எண்ணம் உண்டு. கையில் பணமில்லாத இளந்தம்பதிகள் முதலில் இரண்டு தட்டோடு தொடங்கலாம். பிள்ளைகள் பிறந்து புத்தகங்கள் சேர்ந்தபின் மூன்றாவதைச் சேர்க்கலாம். புது அலமாரிக்குக் கடன் வாங்க வேண்டியதில்லை. இதைச் சிக்கனம் என்று சொல்லாமல் வேறென்ன சொல்வது?

அப்படியானால் சுவிசேஷத்தில் தன் களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்ட எண்ணிய செல்வனை இங்கே இழுக்கலாமா? அவன் சுவரைத் தள்ளிக் கட்ட நினைத்தான். தட்டு மாட்டுகிறவளோ சுவரைத் தொடவில்லை. இரண்டு பலகைகளுக்கு நடுவே சும்மா கிடந்த காற்றைப் பாதியாகப் பிரிக்கிறாள், அவ்வளவே. இருவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமன்று.

எனினும் தட்டு மாட்டியபின் நடப்பதைக் கவனியுங்கள். உயரமான ஓர் அறையில் பத்துப் புடவைகள் ஒன்றன்மேலொன்றாய்க் கிடந்தன. மேலிருக்கும் மூன்றுதான் உடுத்தப்பட்டன; துவைத்து வந்தவை மறுபடி மேலேயே ஏறின. அடியில் இருப்பவற்றை அவள் மறந்தே போனாள். இப்பொழுது நடுவில் ஒரு பலகை வந்ததும், ஐந்தைந்தாய் எல்லாம் கண்முன் நிற்கின்றன. குவியல் அடுக்காகும்போது மறைந்திருந்ததெல்லாம் வெளியே வருகிறது. கல்யாணத்தில் வந்து பிரிக்கவே படாத டிபன் கேரியர் இரண்டு. மகனுக்கு எட்டாத பட்டன்களோடு போன வருஷத்துச் சீருடை. தேதி கடந்த மருந்துகள். ஏழாம் வகுப்புப் பாடநூல்கள். பையனோ ஒன்பதாம் வகுப்பில்!

தட்டின் தர்மவிசாரம் இந்த இடத்தில்தான் தொடங்குகிறது என்பது என் அபிப்பிராயம். மாட்டுவதில் தோஷமில்லை. கண்டபின் என்ன செய்வது? அடுக்கியபின் மேலே ஒரு சாண் இடம் மிஞ்சுகிறதே, அதைப் பார்த்துக் கடை நினைவு வருகிறதா, அல்லது பக்கத்துத் தெரு நினைவு வருகிறதா?

"இருக்கட்டும், எதற்காவது உதவும்" என்பார்கள். வீட்டில் இருக்கும் பொருள் அப்படியே இருக்கிறதென்று நாம் எண்ணுவதால் வரும் பேச்சு இது. ஏழாம் வகுப்பு நூல் ஜூன் மாதத்தில் ஒரு சிறுமிக்கு உதவும். பாடத்திட்டம் மாறிவிட்டால் அது பழைய காகிதம். சீருடை இந்த வருஷம் ஒரு பையனுக்குச் சரியாயிருக்கும். மூன்று மழைக்காலம் அடைபட்டிருந்தால் பூஞ்சணம் பிடித்துத் தரைத் துணியாகும். நான்காம் நூற்றாண்டில் கப்பதோக்கியா நாட்டில் பஞ்சம் வந்த காலத்தில் அர்ச். பசிலியார் அந்தக் களஞ்சியச் செல்வனைப் பற்றிப் பிரசங்கித்தபோது, தானியத்தோடு நிற்கவில்லை. பெட்டியிலிருக்கும் உடையையும் மூலையில் மக்கும் செருப்பையும் சேர்த்தே கேட்டார். அந்தச் செருப்பில் எனக்குப் பிடித்தது அதன் மக்குதல்தான். வைத்தவனுக்கும் இல்லை, வெறுங்காலோடு போனவனுக்கும் இல்லை.

சேர்த்து வைப்பதே பாவமென்று நான் சொல்லவில்லை. எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் சேர்த்து வைத்தாரல்லவா? மழைக்காலத்திற்கு அரிசியும் பருப்பும் சேர்க்காத தாய் விவேகமற்றவள். பாட்டியின் பித்தளைச் செம்பு எதற்கும் உதவாவிட்டாலும் இருக்கட்டும். உபயோகமில்லாததையெல்லாம் எறி என்று உபதேசிப்பவரிடம் எனக்குச் சற்றும் நம்பிக்கையில்லை. நினைவும் ஓர் உபயோகமே.

பாரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே சாமான்களை இரண்டு தட்டில் பிரித்து வைத்தால் ஒவ்வொரு பலகைக்கும் சுமை குறையும். பிரித்தபின் இரண்டையும் நிரப்பினாலோ, மொத்தச் சுமை முன்னைவிட ஏறும். மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகள் நாளாக நாளாகத் தொய்பவை. ஒரே பலகையின் நீளத்தை இரட்டித்து அதே சுமையை ஏற்றினால், தொய்வு இரண்டு மடங்கல்ல, எட்டு மடங்கு. கனமானவை கீழே இருக்க வேண்டும். அலமாரியைச் சுவரோடு பிணைக்க வேண்டும். இதைச் சாதாரணமாக எண்ணாதீர்கள். 2016-ல் அமெரிக்காவில் ஐக்கியா நிறுவனம் ஏறக்குறைய 2 கோடியே 90 லட்சம் டிராயர் அலமாரிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. சுவரில் பிணைக்கப்படாதவை சாய்ந்து விழுந்து குழந்தைகள் மாண்டிருந்தனர். ஏணியென்று நினைத்துக் குழந்தை டிராயரில் ஏறும். அது குழந்தையின் குற்றமல்ல.

கடைசியாக, புதுத் தட்டு யாருக்கு? பெரும்பாலும் மாட்டுகிறவர் தமக்கு வாட்டமான உயரத்தில் மாட்டிக்கொள்கிறார். குனிய முடியாத பாட்டியின் மூக்குக்கண்ணாடியும் ஜெபப்புத்தகமும் அடித்தட்டில். எட்டாத பேத்தியின் கதைப்புத்தகம் உச்சியில். இருவரும் நாளெல்லாம், "கொஞ்சம் எடுத்துக் கொடேன்" என்று பிறரைக் கெஞ்ச வேண்டும். தன் சொந்த வீட்டில், தன் சொந்தப் பொருளுக்கு. நாலு முளைகளைக் கழற்றி நான்கு துளை மேலோ கீழோ செருக ஐந்து நிமிஷம்கூட ஆகாது. பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்து, கை நீட்டச் சொல்லி, அந்தக் கை எட்டும் துளையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். பேத்தியைச் சுவரோரம் நிற்க வைத்து இன்னொரு குறி. அவள் வளர்வாள், அடுத்த வருஷம் பலகையை ஒரு துளை ஏற்றினால் போயிற்று.