வேலை போனால் வாழ்வு போயிற்றா?



அர்ச். லூக்காஸ் எழுதிய சுவிசேஷத்தின் 16-ம் அதிகாரத்தில் ஒரு காரியஸ்தனைப் பற்றிய உவமையை வாசிக்கிறோம். எஜமான் அவனை அழைத்துக் கணக்கை ஒப்புவிக்கச் சொல்லி, வேலையிலிருந்து நீக்கிவிடுகிறான். அவன் தனக்குள்ளே இரண்டு காரியங்களை எண்ணிப் பார்க்கிறான். மண்வெட்டி பிடிக்க உடம்பில் வலுவில்லை. பிறரிடம் கையேந்தவோ வெட்கமாயிருக்கிறது. அவன் பிறகு செய்த மோசத்தை நம் ஆண்டவர் மெச்சவில்லை. ஆனால் வேலை போன அன்றைக்கே உட்கார்ந்து, இனிச் செய்யவேண்டியது என்னவென்று யோசித்தானே, அந்த விவேகத்தைத்தான் நமக்கு எடுத்துக் காட்டினார்.

வலுவில்லை, வெட்கமாயிருக்கிறது என்னும் இந்த இரண்டு பேச்சும் நம் வட்டாரத்து வீடுகளுக்குப் புதிதல்ல. 2018-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புச் சேர்ந்த பட்டாசுகளையும் சரவெடியையும் தடை செய்தது. அடுத்த மாதமே சிவகாசியைச் சுற்றிலும் ஆலைகள் கதவடைத்து, மாதக் கணக்கில் மூடிக் கிடந்தன. பின்பு ஆலைகள் திறந்தன, தடையோ நீங்கவில்லை. 2023-ம் ஆண்டிலும் நீதிமன்றம் அதையே உறுதிப்படுத்தியது. சரம் பின்னுவதைத் தவிர வேறொன்றும் அறியாத பெண்களின் கைகள் வெறுமையாயின. தீப்பெட்டித் தொழிலிலோ, நூறு பேர் உட்கார்ந்து குச்சி அடுக்கிய இடத்தில் இன்று இயந்திரம் நிற்கிறது. போதாததற்கு லைட்டர் வந்து போட்டியிடுகிறது. தவறேதும் செய்யாமலே வேலையிழந்தவர்கள் நம்மிடையே அநேகர்.

இவர்களில் சிலர் ஞாயிறு பூசைக்கும் வருவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். காரணம் விசுவாசக் குறைவல்ல. கோவில் வாசலில், "இப்போது எங்கே வேலை?" என்று எவராவது கேட்டுவிடுவார்களோ என்ற கூச்சமே காரணம். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலாவது, உங்கள் தொழில் வேறு, நீங்கள் வேறு. சர்வேசுரன் உங்களைச் சிருஷ்டித்தபோது போர்மேனாகவோ, கணக்கப்பிள்ளையாகவோ, மருந்து செலுத்துகிறவராகவோ சிருஷ்டிக்கவில்லை. தமது சாயலாகச் சிருஷ்டித்தார். ஞானஸ்நானத்தில் தம் பிள்ளையாக ஏற்றுக்கொண்டார். ஆலை உங்களுக்குக் கொடுத்ததை ஆலை எடுத்துக்கொள்ளலாம். ஆண்டவர் கொடுத்ததை எந்த முதலாளியும் எந்தத் தீர்ப்பும் எடுத்துவிட முடியாது. அதோடு, நீங்கள் கற்றுக்கொண்டதும் உங்களோடுதான் வருகிறது. எடை பிசகாமல் நிறுப்பது, நேரந்தவறாமல் வந்து நிற்பது, பத்துப்பேரைச் சச்சரவின்றி வேலை வாங்குவது, நெருப்புக்கு அஞ்சி நிதானமாக நடப்பது ஆகிய இவையெல்லாம் எந்தத் தொழிலிலும் செல்லுபடியாகும் முதல்.

இரண்டாவது, திரும்பவும் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவது அவமானமல்ல. நம் ஊரின் சரித்திரத்தையே பாருங்கள். மானம் பார்த்த கரிசல் பூமி. மழை பொய்த்தால் பிழைப்பில்லை. 1922-ம் ஆண்டளவில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் இங்கிருந்து கல்கத்தாவுக்குப் போனார்கள். முதலாளிகளாகப் போகவில்லை, தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ளும் மாணாக்கராகப் போனார்கள். திரும்பி வந்து, ஜெர்மனி தேசத்து இயந்திரங்களை வைத்து ஆரம்பித்தார்கள். அது கட்டுப்படியாகவில்லை. அத்தோடு விட்டுவிடாமல், கையாலேயே செய்யும் முறைக்கு மாறினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அதிலிருந்து அச்சுத் தொழில் வளர்ந்தது. தீப்பெட்டி மருந்தில் பழகிய ஊர் பட்டாசுக்கு வந்தது. இன்று தேசமெங்கும் சுவரில் தொங்கும் காலண்டர்களில் எத்தனையோ சிவகாசியில் அச்சானவை. ஒரு வாசல் அடைபட்டபோது இன்னொரு வாசலைத் தட்டிய ஊர் இது. ஊருக்கு அடுக்கும் காரியம் அதன் மக்களுக்கு அடுக்காதோ?

நம் திருச்சபையிலோ அர்ச். இஞ்ஞாசியாரைக் காண்கிறோம். அவர் போர்வீரர். 1521-ம் ஆண்டு மே மாதத்தில் பம்பலோனா கோட்டையில் ஒரு பீரங்கிக் குண்டு அவர் காலை முறித்தது. வெடிமருந்து ஒரு மனிதனின் பிழைப்பை ஒரு நொடியில் முடித்துவிடும் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டியதில்லை. படுக்கையில் கிடந்தபோது கர்த்தருடைய சரித்திரத்தையும் அர்ச்சியசிஷ்டவர்களின் சரித்திரத்தையும் வாசித்து மனந்திரும்பினார். எருசலேமிலேயே தங்கி ஊழியம் செய்ய ஆசித்துப் போனார். அங்கும் இருக்கவிடாமல் திருப்பி அனுப்பினார்கள். பின்பு என்ன செய்தார்? 1524-ம் ஆண்டில், முப்பது வயதைத் தாண்டியவர், பார்சலோனா பட்டணத்தில் சிறுபிள்ளைகளோடு பெஞ்சியில் உட்கார்ந்து லத்தீன் இலக்கணம் படித்தார். குருப்பட்டம் பெற்றது 1537-ல்; அவருடைய சபை பாப்பரசரின் அங்கீகாரம் பெற்றது 1540-ல். குண்டுபட்ட நாளுக்கும் அந்த நாளுக்கும் இடையே 19 வருஷம்! வளைந்து வளைந்து போன அந்தப் பாதையில் ஒரு வருஷமும் வீணாகவில்லை. ஆகையால் நாற்பது வயதில் தையல் பழகுகிறவரும், அச்சாபீசில் எடுபிடியாகச் சேருகிறவரும், தன் மகன் வயதுள்ளவனிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்கிறவரும் தலைகுனிய வேண்டாம். நல்ல துணை உங்களுக்கு உண்டு.

மூன்றாவது, கஷ்டகாலத்தில் பிசாசு காட்டும் குறுக்கு வழிகளைக் குறித்து எச்சரிக்கிறேன். வீட்டுக்குள்ளே ஒளித்துப் பட்டாசு செய்யாதீர்கள். ஆலையில் ஒவ்வோர் அறைக்கும் இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று வரையறை உண்டு. அதையும் மீறி எத்தனை உயிர்கள் போயின! அடுப்பும் விளக்கும் குழந்தையும் இருக்கும் வீட்டில் மருந்தை வைப்பது ஐந்தாம் கற்பனைக்கு விரோதமான பாவம். பிள்ளைகளின் பசிக்காகத்தானே செய்கிறேன் என்பீர்கள். அந்தப் பிள்ளைகளே பக்கத்தில் உறங்குகிறார்கள் என்பதை மறக்கவேண்டாம். கந்துவட்டிக்கு வாங்கிக் கடை வைக்காதீர்கள், சிறுமுதலில் தொடங்குங்கள். சேமநிதிப் பணம் கைக்கு வந்தால், ஊருக்கு வீறாப்புக் காட்டும் விசேஷச் செலவில் அதைக் கரைக்காதீர்கள். பிள்ளையின் படிப்பை மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பள்ளிக்கூடம் போகவேண்டிய பிள்ளைகள் தீப்பெட்டி ஆபீசுக்குப் போன காலத்தை இந்த வட்டாரம் கண்டிருக்கிறது, அது திரும்பலாகாது. வருத்தத்தை ஆற்றக் குடியைத் தேடுகிறவன் இருக்கிற வலுவையும் இழப்பான்.

இனி, வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திராட்சைத் தோட்டக்காரன் உவமையில் எஜமான் காலையில் மட்டுமா வெளியே போனான்? பொழுது சாயும் வேளையிலும் போய், சந்தையில் சும்மா நின்றவர்களைப் பார்த்தான். அவர்களைச் சோம்பேறிகள் என்று ஏசவில்லை. ஒருவரும் தங்களைக் கூப்பிடவில்லை என்று அவர்கள் சொன்ன பதிலை நம்பினான், வேலை கொடுத்தான். முழு நாள் கூலியும் கொடுத்தான். நம்மில் கடையும் பட்டறையும் அச்சாபீசும் நடத்துகிறவர்கள், ஓர் ஆள் தேவைப்படும்போது நம் பங்கில் வேலையின்றி இருப்பவரை முதலில் நினைக்கக் கூடாதா? ஞாயிறு பூசைக்குப் பின் வின்சென்ட் தே பவுல் சபையாரிடம், வேலை வேண்டுவோரும் வேலை கொடுப்போரும் பேர் கொடுங்கள். தொழிலாளர் நல வாரியத்தில் பதிவதற்கோ, சேமநிதி மனு எழுதுவதற்கோ உதவி வேண்டுவோரும் கூச்சமின்றி வாருங்கள். அது தர்மம் கேட்பதல்ல; உரிமையைக் கேட்பது.

கடைசியாக, நம்முடைய பாதுகாவலராகிய அர்ச். சூசையப்பரைப் பாருங்கள். ஒரே இராத்திரியில் எழுந்து, பாலனையும் தாயையும் அழைத்துக்கொண்டு எஜிப்து தேசத்துக்கு ஓடினார். அங்கே அவரை அறிந்தவர் யார்? அவருடைய கைத்திறமைக்குச் சாட்சி சொல்பவர் யார்? பாஷை வேறு, ஜனம் வேறு. ஆயினும் திருக்குடும்பம் பிழைத்தது. ஏரோது இறந்தபின் நசரேத்துக்குப் போய், அங்கும் மறுபடி தொடங்கினார். அவர் பேசிய ஒரு வார்த்தையும் சுவிசேஷத்தில் இல்லை. எழுந்தார், புறப்பட்டார் என்றுதான் இருக்கிறது. நம் ஆண்டவர் தொழில் கற்றுக்கொண்டது இவ்விதம் இரண்டு முறை வேரோடு பிடுங்கப்பட்ட தொழிலாளியிடமிருந்தே.

ஆகையால், கிறிஸ்தவனே, நீயும் எழுந்திரு. வருகிற ஞாயிறு பூசைக்கு வா. வாசலில் எவராவது எங்கே வேலை என்று கேட்டால், தேடிக்கொண்டிருக்கிறேன் என்று தலை நிமிர்ந்து சொல். கேட்டவர் அதைக் கேட்டுவிட்டுச் சும்மா போகாதிருக்கக் கடவார்.

அர்ச். சூசையப்பரே, தொழிலாளரின் பாதுகாவலரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்.

உங்கள் பங்குக் குரு