சூடு ஏற, சுருதி ஏறும்

மலையடிவாரத்துக் கெங்குவார்பட்டி வெயிலில் ஒரு புல்லாங்குழலையும் ஆர்மோனியத்தையும் ஒரே சுருதியில் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பஸ்ஸில் ஏற்றிக் கொடைக்கானல் போய் வாசித்துப் பாருங்கள். குழல் இறங்கியிருக்கும், ஆர்மோனியம் ஏறக்குறைய அப்படியே நிற்கும். மலையின் உயரம் இதற்குக் காரணமல்ல, குளிர்தான். காற்றின் சூடு 1 டிகிரி குறைந்தால், அதில் ஒலி ஓடும் வேகம் விநாடிக்கு 0.6 மீட்டர் குறைகிறது. 35 டிகிரியிலிருந்து 20-க்கு இறங்கினால் குழல் கிட்டத்தட்ட கால் சுரம் தாழும். ஆர்மோனியத்தில் பேசுவது பித்தளை நாக்கு. அது குளிரை அவ்வளவாகச் சட்டை செய்வதில்லை.

இந்த இரண்டு சுபாவமும் ஒரே உடம்பில் இருந்தால்? அதுதான் தேவாலயங்களின் பைப் ஆர்கன். சென்னை எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க்கில் 1883-இல் ஹடர்ஸ்ஃபீல்டின் பீட்டர் கோனகர் செய்த ஆர்கன் இருக்கிறது. பொதுவாக ஆர்கனில் வெறும் காற்றில் பாடும் குழாய்களே மிகுதி. நாக்கு வைத்தவை கொஞ்சம். வெயில் ஏறினால் முதல் கூட்டம் மொத்தமாக மேலே போய்விடும். கேட்பவருக்கோ, நாக்குக் குழாய்கள்தான் இறங்கிவிட்டதாகத் தோன்றும்.

சுருதி சேர்ப்பவர் என்ன செய்வார்? நூற்றுக்கணக்கான குழாய்களோடு மல்லுக்கட்ட மாட்டார். தப்பே செய்யாத அந்தச் சில நாக்குகளின் சுருதிக் கம்பியை லேசாகத் தட்டி, கூட்டத்தோடு சேர்த்துவிடுவார். சாயங்காலம் குளிர்ந்ததும் அதே கம்பியைத் திருப்பித் தட்ட வேண்டும்.