ஜன்னலுக்கு அந்தப் பக்கம்

மருமகள் கேட்டாள்: "மாமா, உங்களுக்குப் பிடிச்ச அஞ்சு காதல் படம் எழுதித் தாங்க." நோட்டைத் திறந்து ஒரு வாரம் ஆகிறது. மூன்று பெயரைத் தாண்டவில்லை.

மூன்றாம் பிறை. மௌன ராகம். காதல் கோட்டை.

எழுதிய பிறகுதான் கவனித்தேன், மூன்றும் ரயில் நிலையத்தில் முடிகிற படங்கள். காதலை முடித்துவைக்க நம் இயக்குநர்களுக்கு ஒரு ரயில் வந்தாக வேண்டும் போல.

*

காதல் கோட்டை (1996) உண்மையில் என் மனைவியின் தேர்வு. ரயிலில் தொலைந்த சான்றிதழ்கள், கண்டெடுத்துத் தபாலில் அனுப்பியவன், அப்புறம் கடிதம் மேல் கடிதம். சென்னையில் அவன் ஓட்டும் ஆட்டோவிலேயே அவள் ஏறி இறங்குவாள், இருவருக்கும் தெரியாது. இன்றைக்கு ஒரு போட்டோ அனுப்பினால் படமே கிடையாது.

மௌன ராகத்தைப் பற்றி எழுத ஒன்றும் வரவில்லை. பிடிக்கும், அவ்வளவுதான்.

*

மூன்றாம் பிறையில்தான் பேனா நிற்கிறது. 1982இல் வந்த படம். விபத்தில் நினைவிழந்து குழந்தைபோல் ஆகிவிட்ட விஜியைப் பார்த்துக்கொள்கிறவன் சீனு; குணமானதும் அவள் அவனை மறந்து ரயிலேறிவிடுகிறாள். இத்தனை வருடமும் நான் சீனுவோடு சேர்ந்துதான் ஓடியிருக்கிறேன். மழை, சேறு, காலை இழுத்துக்கொண்டு கேத்தி ரயில் நிலையத்துக்குள் வருகிறான். விஜிக்கு ஞாபகம் வந்துவிடாதா என்று தலையில் பானையை வைத்துக்கொண்டு குரங்குபோல் குதிக்கிறான். தியேட்டரில் முதல் தடவை பார்த்தபோது கர்சீப்பை எடுக்க வெட்கப்பட்டு, சட்டைக் கையிலேயே துடைத்துக்கொண்டேன்.

*

நேற்றிரவு டிவியில் மறுபடி போட்டார்கள். பூண்டு உரித்துக்கொண்டிருந்த மனைவி தட்டைக் கீழே வைத்தாள்.

"இது காதல் படமா?"

"பின்னே?"

"அந்தப் பொண்ணு மனசளவுல குழந்தை. அவ எங்கே காதலிச்சா? அவன் பார்த்துக்கிட்டான், சரி. ஆனா அவளுக்குப் புத்தி தெளிஞ்சப்போ அவன் யாரோதானே?"

பதில் சொல்லத் தெரியவில்லை. ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. முதல் முறையாக நான் பெட்டிக்குள் போய் விஜியின் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். விபத்துக்குப் பிந்தைய நாட்கள் எதுவும் நினைவில் இல்லை. பக்கத்தில் அப்பா, அம்மா. வெளியே உடம்பெல்லாம் சேறாக ஒருவன் கத்துகிறான், குட்டிக்கரணம் போடுகிறான். பைத்தியம், பாவம், பசிக்கிறது போலிருக்கிறது என்று அவள் நினைக்கிறாள். தின்னக் கொஞ்சம் எடுத்து வீசுகிறாள்.

இரக்கத்தில் செய்கிற காரியம் அது. அதை எத்தனை வருடம் கொடுமை என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

"நானா இருந்தா ஜன்னலைச் சாத்தியிருப்பேன்" என்றாள் மனைவி, பூண்டுத் தட்டை எடுத்தபடி.

நோட்டில் மூன்றாம் பிறையை இன்னும் அடிக்கவில்லை. பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டிருக்கிறேன்.