நிற்கலாமா?

உங்களுக்கு 48 வயது என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடத்துக்கு முன், 'சர்க்கரை எட்டிப் பார்க்குது சார்' என்று டாக்டர் சொன்னதில் ஆரம்பித்தது. முதலில் நடை. அப்புறம் தெருமுனை வரை ஓட்டம். நாய் துரத்தியதில் இன்னும் கொஞ்சம் ஓட்டம். இப்போது ஞாயிறு விடிகாலையில் 32 கிலோமீட்டர் ஓடிவிட்டு வந்து, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியில் பக்கவாட்டாக இறங்குகிறீர்கள். மாரத்தானுக்கு இன்னும் மூன்று வாரம். பயிற்சி முடிந்துவிட்டது.

இனிமேல் ஓட்டத்தைக் குறைக்க வேண்டும். அடிவாங்கிய தசைகள் ஆறவும், சாப்பிட்ட சோறு கிளைகோஜனாகத் தசையில் சேரவும்தான் இந்த அவகாசம். கடைசி வாரத்தில் விழுந்து விழுந்து ஓடினால் களைப்புதான் மிச்சம். இது அறிவுக்குப் புரிகிறது, மனசு கேட்கிறதா? பரீட்சைக்கு முதல் நாள் ராத்திரி கண்விழித்துப் படித்தே பாஸான வம்சம் நாம். சும்மா இருந்தால் ஏதோ தப்பு செய்கிற மாதிரி இருக்கும். தொண்டையில் கரகரப்பு, முழங்காலில் புதுசாக ஒரு வலி, எல்லாம் இந்த நேரம் பார்த்துத்தான் வரும். பாதி நிஜம், பாதி பயம்.

புது ஷூ வேண்டாம், முந்தின ராத்திரி ஓட்டல் சாப்பாடு வேண்டாம், தாகத்துக்கு மேல் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்து... இதெல்லாம் கூட ஓடுகிறவர்களே சொல்லித் தந்துவிடுவார்கள். நான் கேட்க நினைப்பது வேறு. என்ன நடந்தால் ஓட்டத்தைப் பாதியில் நிறுத்துவது என்று முடிவு பண்ணிவிட்டீர்களா?

'ஏங்க அபசகுனமா...' என்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்.

1984, லாஸ் ஏஞ்சலஸ். பெண்களுக்கு ஒலிம்பிக்கில் முதல் மாரத்தான். சுவிட்சர்லாந்தின் கேப்ரியேலா ஆண்டர்சனுக்கு வயது 39. வெயில் தாக்கி, உடம்பு ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ள, தள்ளாடியபடி ஸ்டேடியத்துக்குள் வருகிறார். மருத்துவக் குழுவினர் நெருங்க, விலகிப் போகிறார். தொட்டுவிட்டால் தகுதி போய்விடும் என்பது அன்றைய விதி. வியர்வை இன்னும் வருகிறது என்று பார்த்து, அவர்களும் விட்டுவிடுகிறார்கள். கடைசிச் சுற்று ஐந்து நிமிஷத்துக்கு மேல். கூட்டம் கைதட்டித் தீர்த்தது. கோட்டைத் தாண்டி விழுந்தார், 37-வது இடம். சீக்கிரமே தேறியும் விட்டார்.

இந்தக் காட்சியை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம். ஒரு நிமிஷம் யோசியுங்கள். அவர் அங்கேயே இறந்துபோயிருந்தால்? அதே பெண், அதே பிடிவாதம், அதே தள்ளாட்டம். 'யாராவது பிடித்து நிறுத்தியிருக்கக் கூடாதா' என்று அந்த டாக்டர்களைத் திட்டியிருப்போம். அப்படியானால் நாம் பாராட்டுவது அவர் எடுத்த முடிவையா, தப்பித்த அதிர்ஷ்டத்தையா? பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரண்டு தத்துவக்காரர்கள் 1976-ல் இந்தக் கேள்வியைத்தான் பிடித்துக்கொண்டு உலுக்கினார்கள். இன்னமும் தீர்ந்தபாடில்லை. (டாக்டர் தொட்டுப் பரிசோதித்தாலே தகுதி நீக்கம் என்ற விதி மட்டும் பிற்பாடு மாறியது.)

மறுபக்கம் பாருங்கள். 2004, ஏதென்ஸ். உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பிரிட்டனின் பௌலா ராட்க்ளிஃப், 36 கிலோமீட்டர் வாக்கில் நின்றுவிட்டார். சாலையோரம் உட்கார்ந்து அழுதார். உள்ளூரிலேயே 'பாதியில் விட்டவள்' என்று பேச்சு. அதே வருஷம் நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் ஜெயித்தார், 2005-ல் ஹெல்சிங்கியில் உலக சாம்பியன். பார்த்தீர்களா, நின்றது சரிதான் என்று சொல்ல வாய் வருகிறது. ஆனால், அதற்கப்புறம் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்காமல் போயிருந்தால் நின்றது தப்பாகிவிடுமா? ஆண்டர்சனுக்கு ஒரு தராசு, இவருக்கு ஒரு தராசு வைக்க முடியாது.

உங்கள் கஷ்டம் இதைவிடப் பெரிசு. 30 கிலோமீட்டருக்கு மேல் சேமிப்பு தீர்ந்து, கால் கல்லாகும்போது, மனசு 'போதும்ப்பா, வீட்டுக்குப் போலாம்' என்று பேச ஆரம்பிக்கும். எல்லாருக்கும் பேசும். அந்தப் பேச்சைக் கேட்காமல் இருக்கத்தான் இத்தனை மாசம் பழகியிருக்கிறீர்கள். நிஜமான எச்சரிக்கை வந்தாலும் அதே குரலில்தானே வரும்? பழகின காதுக்கு வித்தியாசம் தெரியுமா? 35-வது கிலோமீட்டரில் உங்களுக்குள் இருக்கும் நீதிபதியும் 35 கிலோமீட்டர் ஓடிவந்த களைப்பில் இருப்பார். அவரிடம் வழக்கைக் கொண்டுபோகாதீர்கள். தீர்ப்பை இப்போதே, சோபாவில் உட்கார்ந்து எழுதிவிடுங்கள்.

தொடை வலி, கொப்புளம், அழுகை வந்தால் ஓடலாம், நடக்கலாம். நெஞ்சில் இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, தலைசுற்றல், நேர்கோட்டில் போகாத கால், இடம் புரியாத குழப்பம்... இதில் ஒன்று வந்தாலும் விவாதமே கிடையாது, நிற்க வேண்டியதுதான். காலையில் காய்ச்சல் இருந்தால் கிளம்பவே வேண்டாம். 35 வயதுக்கு மேல் ஓடும்போது திடீரென்று விழுந்து இறப்பவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் இதய ரத்தக்குழாய் அடைப்பு. எதற்கும் இருக்கட்டும் என்று முன்கூட்டியே வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. உடம்பு அனுப்பும் தந்தியை வாசலிலேயே கிழித்துப் போடுகிற காரியம் அது. நீர் வற்றிய உடம்பில் சிறுநீரகத்துக்கும் கெடுதல்.

'என் உடம்பு, என் இஷ்டம்' என்று நீங்கள் கேட்கலாம். 22 வயதில் கேட்டிருந்தால் பாதியாவது ஒப்புக்கொண்டிருப்பேன். 48-ல் அந்த உடம்புக்குப் பங்குதாரர்கள் அதிகம். வீட்டுக் கடன், பெண்ணின் காலேஜ், ஊரில் அம்மா. அதற்காக அவர்கள் சொல்படிதான் நடப்பது என்றால் வாசற்படி தாண்ட முடியாது, அதுவும் எனக்குத் தெரியும். ஓடாதே என்று சொல்ல அவர்களுக்கு உரிமை இருப்பதாக நான் நினைக்கவில்லை. எங்கே நிற்பாய் என்று கேட்க உரிமை உண்டு.

மார்பில் குத்திக்கொள்ளும் எண் அட்டையின் பின்பக்கம், அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று பெயரும் போன் நம்பரும் எழுத இடம் விட்டிருப்பார்கள். அட்டை கைக்கு வருவதற்கு முன்னாலேயே அந்த நம்பருக்கு உரியவரை எதிரே உட்கார வைத்து, நீங்கள் எழுதிய தீர்ப்பை ஒருமுறை படித்துக் காட்டிவிடுங்கள். விடிகாலை இரண்டரைக்கு அலாரம் வைக்கிற ராத்திரி அதற்கு நேரம் கிடைக்காது.